பூசினாற்போல

எங்கள் வீட்டில் மஞ்சள் இரண்டு வகை. ஒன்று வீட்டுக்கு வைத்தது, இன்னொன்று ஊருக்கு வைத்தது. வீட்டுக்கு வைத்தது வேகவைத்துக் காயவைத்து அப்படியே பானையில் கிடக்கும். தோல் சுருங்கி, மண் நிறத்தில், பார்த்தால் ஒன்றுக்கும் ஆகாதது மாதிரி இருக்கும். ஊருக்கு வைத்தது ஈரோட்டு மண்டிக்குப் போவது. அதைத் தகரப் பீப்பாயில் போட்டு உருட்டி மெருகேற்றுவார்கள். உருட்டும்போதே கடையில் பொட்டலமாக விற்கிற மஞ்சள் சாயப் பொடியைத் தூவுவார்கள். வெளியே கொட்டினால் கண் கூசும்.

அந்தப் பொடியில் என்ன இருக்கிறதென்று அப்பாவுக்குத் தெரியாது. ஆனால் அது நம் அடுப்படிக்குள் வரக் கூடாது என்று மட்டும் நன்றாகத் தெரியும். புதிதாக வேலைக்கு வந்த பெண் ஒருத்தி தெரியாமல் அந்த மஞ்சளில் ஒரு கை அள்ளி அம்மியில் வைத்து அரைத்துவிட்டாள். அப்பா ஓடி வந்து அத்தனையையும் வழித்து எறிந்தார். "ஏம்புள்ள, கண்ணு அவிஞ்சு போச்சா? அது ஊருக்கு வெச்சதுன்னு தெரியாது?" என்று கத்தினார். ஊரில் இருப்பவர்களுக்கும் வயிறு, தோல் எல்லாம் உண்டு என்பது அவர் ரோசனையில் வரவே இல்லை. கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. கோயிலுக்குக் கிடா வெட்டுவார், பஞ்சத்துக்கு வந்தவர்களுக்குக் கம்பு அளந்து கொடுப்பார், மஞ்சளுக்குச் சாயம் போடுவார்.

நான் கருப்பு. அடுப்புக்கரி என்று என்னைச் சொன்ன ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் போய்ச் சேர்ந்தாயிற்று, நான் இன்னும் கல்லுக்குண்டு மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். என் முகத்தில் இன்று வரை தண்ணீரும் பாசிப்பயற்று மாவும் வீட்டு மஞ்சளும் தவிர வேறெதுவும் பட்டதில்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. அக்கம்பக்கத்துப் பெண்பிள்ளைகள் வந்து, "பாட்டி, உங்க தோலு எப்படிங்க இந்த வயசுலயும் இப்படி இருக்குது, எங்களுக்கும் சொல்லுங்க" என்று கொஞ்சும்போது எனக்குப் பெருமையாக இருக்காது. பற்றிக்கொண்டு வரும். என் அக்காவின் தோல் இதைவிட நல்ல தோல். அதைச் சொன்னால் அவர்கள் கேட்க வந்தது அது இல்லையே.

அக்கா என்னைவிட மூத்தவள், என்னைவிட உயரம், என்னைவிட வாய். எடுப்பான மூக்கு. சிரித்தால் கன்னத்தில் குழி விழும். கருப்புதான். எங்கள் பக்கத்தில் கருப்பையும் அழகையும் ஒரே மூச்சில் சொல்ல மாட்டார்கள், நடுவில் ஒரு "ஆனா" போட்டுத்தான் சொல்வார்கள். "கருப்புதான், ஆனா லட்சணம்." அந்த "ஆனா"வைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தோம்.

அம்மா எங்கள் இருவருக்கும் குளியல் மாவு செய்வாள். பாசிப்பயறு, நிழலில் உலர்த்திய ஆவாரம்பூ, பூலாங்கிழங்கு, வீட்டு மஞ்சள். உரலில் இடித்து, பழைய வேட்டித் துணியில் சலித்து, ஈயம் பூசிய தூக்கில் போட்டு வைப்பாள். வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் தண்ணி வாத்துக்கொள்ளும்போது அதைத் தயிரில் குழைத்துத் தேய்த்துக்கொள்வோம். அந்த மாவு தேய்த்த முகத்தில் ஒரு பரு வந்து நான் பார்த்ததில்லை. ஆடிக் காற்றிலும் தோல் வெடிக்காது. ஆனால் அந்த மாவுக்கு ஒரு குற்றம் உண்டு. கருப்பைக் கருப்பாகவே பளபளவென்று வைத்திருக்கும்.

நயா பைசா புழக்கத்துக்கு வந்த புதிதில் அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். கோயமுத்தூரில் நூல் மில்லில் பங்கு வைத்திருக்கிற குடும்பம். மாப்பிள்ளை பம்பாயில் மில் வேலை பழகிக்கொண்டிருந்தான், அவன் வரவில்லை. அவனுடைய அம்மாவும் மூத்த அக்காளும் காரில் வந்தார்கள். எங்கள் ஊருக்குள் கார் வருவதே அதிசயம். தோட்டத்து ஆள்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டு வேலியோரம் நின்றார்கள். மஞ்சள் காட்டில் புழுதி தின்று கிடந்த என் அக்காவுக்கு, மின்சார விளக்கும் காரும் இருக்கிற வீட்டுக்குப் போகிற வாசல் அன்றைக்குத் திறந்தது. அவளுக்கு அது எவ்வளவு பெரிய ஆசை என்று எனக்குத் தெரியும்.

அந்த அம்மாள் அக்காவின் தாவாயைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பார்த்தாள். "புள்ள லட்சணந்தானுங்க. மூக்கு முழியெல்லாம் தேவலை. நெறந்தான் சித்தெ…" என்று இழுத்தாள்.

மகள்காரி அதை முடித்துவைத்தாள். "கோயமுத்தூருல இப்ப ஆருங்க மாவு தேச்சுக்கறாங்க? டப்பாவுல கிரீம் வந்திருக்குதுங்க. என்ற ஓரகத்தி தேச்சா, ஒரு மாசத்துல ஆளே மாறிப்போனா."

"தையில முகூர்த்தம் வெச்சுக்கலாமுங்க," என்றாள் அந்த அம்மாள். "அதுக்குள்ள புள்ளைக்கு நெறம் எடுக்கட்டும். பையன் அன்னைக்கு வந்து பாத்துக்குவான்."

மாட்டுச் சந்தையிலாவது பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். மாட்டை வெளுத்துக்கொண்டு வா என்று எவனும் சொன்னதில்லை. நான் கதவோரம் நின்று பல்லைக் கடித்தேன். அம்மாவோ கையெடுத்துக் கும்பிட்டு, "அதுக்கென்னுங்க சம்மந்தி, எடுத்துருமுங்க," என்றாள். கார் போன பிறகு வீட்டில் திருவிழா மாதிரி இருந்தது. முடியாது என்று சொல்லிவிட்டுப் போகவில்லையே, தவணை கொடுத்துவிட்டுத்தானே போயிருக்கிறார்கள்.

போத்தனூரில் ரயில்வேயில் வேலையாக இருந்த மாமன், அம்மாவின் தம்பி, அந்த டப்பாவை வாங்கி வந்தார். உள்ளங்கையில் அடங்குகிற கண்ணாடி டப்பா, தகர மூடி, மூடியில் ஒரு வெள்ளைக்காரியின் முகம். உள்ளே வெண்ணெய் மாதிரி வெள்ளையாக, வாசனையாக இருந்தது. அம்மா அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்தாள். பிறகு அக்காவைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னாள்.

"பெரியவளே, இதைய ஆருகிட்டயும் வாயத் தொறந்து சொல்லிப்போடாத. கிரீம் போட்டு வந்த நெறம்னு தெரிஞ்சா மருவாதியில்ல. கேட்டா பாசிப்பயத்து மாவு, ஊட்டு மஞ்சள்னு சொல்லோணும். வெளங்குச்சா?"

அன்று முதல் அம்மா மாவு இடிப்பதை நிறுத்தவில்லை. வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று ஆவாரம்பூவை வாசலிலேயே முறத்தில் காயப்போட்டாள். ஒரு நாள் என்னையும் பிடித்து இழுத்து வைத்துக் கன்னத்தில் அந்தக் கிரீமை அப்ப வந்தாள். நான் கையைத் தட்டிவிட்டேன். ஓங்கி ஒரு அறை விழுந்தது. "உன்னைய எருமை மேய்க்கறவன்கூடக் கட்டமாட்டான்," என்றாள் அம்மா. எருமையை நானே கட்டிக்கொள்கிறேன், போ என்று சொல்லிவிட்டு ஓடினேன். அம்மாவும் கருப்புதான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் அப்பாவின் வீட்டார் அவளைக் கருப்பி என்றுதான் கூப்பிட்டார்கள், பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அந்த வயிற்றெரிச்சலை எங்கே கொட்டுவாள்? எங்கள் முகத்தில் கொட்டினாள்.

அக்காவுக்கு முதலில் எரிந்தது. முகம் முழுக்கக் கொப்புளம் போலச் சிவந்து, மூக்கோரம் தோல் உரிந்தது.

"எரியுதா?" என்று கேட்டேன்.

"எரியட்டும் புள்ள. அடுப்பெரியாத சோறு வெந்துருமா?" என்று சிரித்தாள்.

வெந்துதான் போனாள். உரிந்த தோலுக்கு அடியில் வெளிறிய தோல் வந்தது. ஐப்பசிக்குள் முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம் என்று ஆகிவிட்டது. பிறகு கழுத்துக்கும் பூசினார்கள். காது மட்டும் கருப்பாகத் தெரிந்தது, காதுக்கும் பூசினார்கள். கைக்கும் பூசினார்கள். டப்பா தீரத் தீர மாமன் போத்தனூரிலிருந்து கொண்டுவந்தார். அக்கா கண்ணாடி முன்னால் நின்று முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்ப்பாள். "ஏம்புள்ள, இது நாந்தானா?" என்பாள். அவளுடைய சந்தோஷத்தைப் பார்த்து எனக்கே ஒரு கணம் ஆசை வந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பொய்.

அவள் கிரீம் எடுக்கிற கையில் ஒரு தங்க மோதிரம் போட்டிருந்தாள். அது நாளடைவில் வெளுத்து வெள்ளி மாதிரி ஆகிவிட்டது. அம்மா ஆசாரி வீட்டு வாசலில் போய் நின்று, ஈயத்தைக் கலந்து ஏமாற்றிவிட்டாய் என்று மண்ணை வாரித் தூற்றாத குறையாகத் திட்டிவிட்டு வந்தாள். தங்கத்தை வெளுக்கிற சங்கதி தோலை என்ன செய்யும் என்று கேட்க அங்கே ஒரு ஆள் இல்லை. எங்கள் சனத்துக்குத் தங்கம் கெட்டால்தான் நெஞ்சு அடைக்கும்.

மார்கழியில் அக்காவின் கண் இரப்பைகள் காலையில் உப்பியிருக்க ஆரம்பித்தன. பிறகு கன்னம் உப்பியது. கன்னத்துக் குழி காணாமல் போனது. கை விரல்கள் தடித்தன. எங்கள் பக்கத்தில் ஒல்லியான பெண் கொஞ்சம் சதை பிடித்தால், பூசினாற்போல இருக்கிறாள் என்பார்கள். எலும்பின் மேல் சதையை யாரோ பதமாகப் பூசிவிட்டதுபோல என்று அர்த்தம். கல்யாணப் பெண்ணுக்கு அதைவிட நல்ல வார்த்தை கிடையாது. ஊரே வந்து பார்த்துவிட்டு அந்த வார்த்தையைத்தான் சொன்னது.

"ஏனுங்க, பெரியவ பூசுனாப்பல ஆயிட்டாளுங்க!"

"கலியாணக் களை வந்துருச்சுங்க, மூஞ்சியில பாருங்கொ, என்ன மினுமினுப்பு!"

தண்ணீர் கோர்த்துத் தோல் இழுபட்ட மினுமினுப்பு அது. ஒரு இடத்தில் விரலால் அழுத்தினால் குழி விழுந்து மெல்ல மெல்லத்தான் மேலே வரும். நானும் அவளும் விளையாட்டாக அழுத்திப் பார்த்திருக்கிறோம். பூசினாற்போல என்று ஊர் சொன்னது சரிதான், பூசியதால் வந்ததுதான். அந்த ஒரு வார்த்தை மட்டும் எங்கள் பாஷையில் இல்லாமல் இருந்திருந்தால், எவளாவது ஒருத்தி, இதென்ன வீக்கம் என்று கேட்டிருப்பாள்.

தையில் கல்யாணம். வளையல் கையில் ஏறவில்லை. வளையல்காரி, "அம்மணிக்கு யோகக்காரக் கைங்க," என்று சொல்லிப் பெரிய அளவாக எடுத்துப் போட்டுவிட்டாள். மாப்பிள்ளை பம்பாயிலிருந்து வந்தவன், பந்தலில் அக்காவைப் பார்த்த மாத்திரத்தில் முகம் மலர்ந்தான். அவனைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அவனுக்குக் காட்டிய முகத்தை அவன் விரும்பினான்.

போன வீட்டில் மின்சார விளக்கு இருந்தது, கார் இருந்தது, வாரம் ஒரு சினிமா இருந்தது. அக்கா டப்பாவைப் புடவைக்கு அடியில் ஒளித்து வைத்து, குளிக்கிற அறையில் தாழ் போட்டுக்கொண்டு பூசினாள். சித்திரையில் அவளுக்குக் கால் வீங்கியது, வாந்தி வந்தது, தூரம் நின்றது. மாமியாருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். சட்டென்று கரு தங்கிவிட்டது என்று சொல்லி அனுப்பினாள். அம்மா ஐந்து வகைப் பலகாரம் சுட்டு எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

அக்கா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பாதம் இரண்டும் பணியாரம் மாதிரி உப்பியிருந்தது. மாமியார் அதைப் பெருமையாகக் காட்டினாள். "கால் இப்படி வீங்குனா பையந்தானுங்க சம்மந்தி," என்றாள். எல்லோரும் அடுப்படிக்குப் போன பிறகு அக்கா என் காதைப் பிடித்து இழுத்துச் சொன்னாள். "புள்ள, ஒண்ணுக்குப் போனா சோப்புத் தண்ணியாட்டம் நொரைக்குது. பூசுன கிரீமெல்லாம் அந்த வழியா வருதாட்ட இருக்குது!" சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என் அக்காவுக்குப் படிப்பு கிடையாது. அவள் வேடிக்கையாகச் சொன்னதைத்தான் பிற்பாடு டாக்டர் வேறு வார்த்தையில் சொன்னார்.

மாதம் ஏறியது, முகமும் காலும் வீங்கின, வயிறு மட்டும் அதற்கேற்ற கனமாக இல்லை. மருத்துவச்சியைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். அவள் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே பிள்ளையும் இல்லை குட்டியும் இல்லை என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கே மாமியாரின் குரல் மாறிவிட்டது. "வயித்துல ஒண்ணுமில்லாம என்னத்துக்குங்க இந்த ஊத்தம்? இத்தனை நாளு எங்களை முட்டாளாக்கிப் பலகாரந் தின்னாளா?" என்று கேட்டாள். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு எங்களுக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

பார்த்தவர் ஒரு பெண் டாக்டர். அக்காவின் கண் இரப்பையை நீக்கிப் பார்த்தார், காலை அழுத்திப் பார்த்தார், முகத்தையும் உள்ளங்கையையும் மாறி மாறிப் பார்த்தார். "முகத்துக்கு என்னம்மா பூசறே?" என்று கேட்டார். கட்டிலுக்கு அந்தப் பக்கம் மாமியார் உட்கார்ந்திருந்தாள். அக்கா அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

"ஒண்ணுமில்லீங்க டாக்டரம்மா. பாசிப்பயத்து மாவும் ஊட்டு மஞ்சளுந்தானுங்க. எங்கூட்டுல எல்லாருக்கும் அதேதானுங்க."

டாக்டர் நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. ஆனால் சொல்கிறவள் பெற்றவள், என்ன செய்வார்? நான் அன்று சாயங்காலமே அக்காவின் பையைக் கிளறி டப்பாவை எடுத்து, புடவைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு போய் அவர் மேஜைமேல் வைத்தேன். அவர் மூடியைத் திருப்பிப் படித்தார். அவர் சொன்னது அப்படியே காதில் இருக்கிறது.

"இதுல பாதரசம் இருக்குதும்மா. கண்ணாடிக்குப் பின்னாடி பூசறாங்களே, அந்த ரசம். தோல் வழியா உள்ள போயி சிறுநீரகத்தைக் கெடுத்திருக்கு. இப்பவே நிறுத்தினா உங்க அக்கா பொழைச்சுக்குவா. நிறுத்தலைன்னா என்கிட்ட மருந்து கிடையாது."

ஓடிப்போய் அப்பாவிடமும் அம்மாவிடமும் சொன்னேன். அப்பா ஆஸ்பத்திரி மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். அவரால் நம்ப முடியவில்லை. "வெளிநாட்டு டப்பா கண்ணு. மூடி போட்டு, பேரு போட்டு, அத்தனை நேர்த்தியா வருது. அதுலயா வெசத்தைப் போடுவாங்க?" என்றார்.

"அதும் ஊருக்கு வெச்சதுதானுங்கப்பா," என்றேன்.

அப்பாவுக்கு உடனே விளங்கிவிட்டது. முகம் செத்துப்போயிற்று. தலைத்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். அந்த வருடமும் மஞ்சளுக்குச் சாயம் போட்டார், அதையும் சொல்லிவிடுகிறேன்.

டாக்டர் டப்பாவைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். கிரீம் நின்றது. நின்ற சில வாரத்திலேயே வீக்கம் வடிய ஆரம்பித்தது. அக்கா கண்ணைத் திறந்து பார்த்தாள், பசிக்கிறது என்றாள், அரிசிம்பருப்புச் சாதம் கொண்டு வரச்சொல்லி நெய் போதவில்லை என்று என்னிடம் சண்டை போட்டாள். கன்னத்துக் குழி திரும்ப வந்தது. நான் அதில் விரலை வைத்து அமுக்கினேன், அவள் என் கையைக் கடித்தாள். என் அக்கா பிழைத்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் நிறமும் திரும்பியது. பழைய நிறமாகத் திரும்பியிருந்தால்கூடப் பரவாயில்லை. கண்ணைச் சுற்றியும் தாவாயிலும் சாம்பல் பூத்த திட்டுத்திட்டான கருப்பு. நடுநடுவே வெளிறல். மாமியாரும் மாப்பிள்ளையும் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை கட்டிலுக்குக் கிட்டே வந்து, ஒரு தடவை பார்த்துவிட்டு, சன்னலோரம் போய் நின்றுகொண்டான். மாமியார் நின்ற வாக்கிலேயே கேட்டாள். "என்னுங்க சம்மந்தி, சாயம் வெளுத்துப்போச்சுங்களே! நாங்க கட்டிக் கூட்டியாந்த புள்ள இதுதானுங்களா, இல்ல மாத்திப்போட்டீங்களா?"

அம்மா, "காச்சல்ல வந்த கருப்புங்க, போயிருமுங்க," என்று சொல்லிச் சொல்லிக் கும்பிட்டாள். அவர்கள் போன பிறகு அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்று நெய் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்தோம். மாமன் மறுபடியும் ஒரு டப்பா கொண்டுவந்தார். அம்மா சொல்லித்தான் கொண்டுவந்தார். பாதரசம் என்று தெரிந்து, சிறுநீரகம் என்று தெரிந்து, பிழைக்க மாட்டாள் என்று டாக்டர் சொன்னதும் தெரிந்து. நான் அதைப் பிடுங்கிச் சாக்கடையில் கொட்டினேன். அம்மா என் தலைமயிரைப் பிடித்து ஆட்டினாள். "கட்டிக் குடுத்த புள்ளைய வாழாவெட்டியா ஊட்டுல வெச்சுக்கச் சொல்றயா? அவிய வந்து கூட்டிட்டுப் போற வரைக்குந்தான்டி! போய்ச் சேந்ததுக்கப்பறம் நிறுத்திக்கிட்டாப் போவுது!" என்று அலறினாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அழுதுகொண்டேதான் அடித்தாள்.

நான் அக்காவிடம் போனேன். "மறுபடி தேச்சா செத்துப்போவ, டாக்டரம்மா சொன்னதைக் கேட்டயல்ல," என்றேன்.

"கேட்டேன்," என்றாள்.

"பொறவென்ன கெரகத்துக்குத் தேய்க்கோணுங்கற?"

"அவரு பந்தல்ல பாத்துச் சிரிச்சது இந்த மூஞ்சியத்தான் புள்ள. என்ற பழைய மூஞ்சி அவருக்குத் தெரியவே தெரியாது. அதைக் கொண்டுபோயி அவருகிட்ட ஆருன்னு சொல்றது?"

உன் பழைய முகம்தான் அழகு என்றேன். "உனக்கு," என்றாள்.

அடுத்த டப்பாவை நான் எடுக்க முடியாதபடி அம்மா இடுப்பிலேயே முடிந்து வைத்துக்கொண்டாள். நான் அடங்கவில்லை என்று என்னைக் கிணத்துக்கடவில் சின்னம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே தேங்காய் நார் உரித்துக்கொண்டிருந்தபோது, அக்காவைப் புருஷன் வீட்டில் வந்து கூட்டிக்கொண்டு போனதாகச் செய்தி வந்தது. முகம் நன்றாகத் தெளிந்துவிட்டதாம். மறுபடியும் பூசினாற்போல இருக்கிறாளாம். சின்னம்மா சந்தோஷப்பட்டு எனக்குச் சர்க்கரை கொடுத்தாள். நான் அதைத் துப்பினேன்.

போய்ச் சேர்ந்த பிறகு நிறுத்திக்கொள்ளலாம் என்றார்களே, நிறுத்தினால் முகம் திரும்பிவிடுமே. எப்படி நிறுத்துவாள்? அடுத்த மழைக்காலம் பிடிக்கும்போது, மூச்சு விடக்கூட முடியாமல் உடம்பெல்லாம் நீர் கோர்த்து, மாமியார் வீட்டுக் கட்டிலில் செத்துப்போனாள்.

கோயமுத்தூரில் அந்த வீட்டு முற்றத்தில் அவளைக் குளிப்பாட்டினார்கள். சுமங்கலி என்பதால் முகத்துக்கு மஞ்சள் பூசினார்கள். கடை மஞ்சள், கண்ணைப் பறிக்கிற மஞ்சள். ரத்தமே இல்லாமல் வெளுத்துக் கிடந்த தோலில் அது பளிச்சென்று ஒட்டியது. குளிப்பாட்டிய பெண்கள் ஆளுக்கு ஆள் பேசிக்கொண்டார்கள்.

"என்ன செவப்புங்க! ராசாத்தியாட்டம் படுத்திருக்கறா பாருங்கொ."

"இந்த நெறத்துக்கு இத்தனை சின்ன வயசுல போவோணுமாங்க?"

அம்மா மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அது நிஜமான அழுகை. என்னைப் பெற்றவள் மேல் எனக்கு எத்தனை கோபம் இருந்தாலும் அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். மாமியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டு தானும் கொஞ்சம் அழுதாள். மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒறவு உட்டுப்போகப்புடாதுங்க சம்மந்தி," என்றாள். "பையனும் எத்தனை நாளைக்குத் தனியா இருப்பான். சின்னவ இருக்கறாளல்லங்க."

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தாள்.

அம்மாவும் என்னைப் பார்த்தாள். அழுகை நின்றிருந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒரு ஆறு மாசம் குடுங்க சம்மந்தி," என்றாள்.

அக்காவை இன்னும் எடுத்திருக்கவில்லை.